ஆன்டிபாடி இடாத தகடு

கீல் நகரத்துத் திசு ஆய்வுக்கூடத்தில் வீப்கே தோம்சன் பதினாறு வருடமாகக் கண்ணாடித் தகடுகளுக்குச் சாயம் ஏற்றினாள். அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது: நோயாளிக்கு மூன்று தகடு. முதலாவதில் யாரோ ஒருவரின் டான்சில், நிணநீர் அணுக்கள் நிறைந்த தொண்டைச் சதை. அது பழுப்பானால், அணுக்களில் ஒட்டி நிறம் காட்டும் ஆன்டிபாடி நல்லது. இரண்டாவதில் நோயாளியின் திசு. மூன்றாவதிலும் அதே திசுதான், ஆனால் ஆன்டிபாடி இடாதது. அது நிறம் மாறாமல் நீலமாகவே இருக்க வேண்டும். மூன்றாவதைப் பார்க்காமல் இரண்டாவதைத் தொட்ட பயிற்சிப் பெண்களை அவள் திட்டியே அழவைத்திருக்கிறாள்.

1985 ஏப்ரலில் ஒரு நாள் வந்தது அவளுடைய தம்பி ஹௌக்கேயின் கழுத்துக்கட்டியிலிருந்து வெட்டிய துண்டு.

"நீ செய்ய வேணாம், வீப்கே. விட்டுடும்மா," என்றார் டாக்டர் யெஸ்ஸன்.

"அடுத்தவங்க கையை நான் நம்பமாட்டேன் டாக்டர்."

அந்த ஆன்டிபாடி நிணநீர் அணுக்களில்தான் ஒட்டும். கட்டி பழுப்பானால் நிணநீர்ப் புற்று. அதற்கு மருந்து உண்டு, பிழைத்தவர்களும் உண்டு. நீலமாகவே நின்றால் வேறெங்கோ பிறந்து கழுத்துவரை வந்த புற்று. அதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை.

மறுநாள் மதியம் தகடுகள் தயார். கடவுளே, இரண்டாவது தகடு பழுப்பு! பதினாறு வருடச் சட்டம் எங்கே போனதோ, அவள் நேராகத் தொலைபேசிக்கு ஓடினாள்.

"டேய் ஹௌக்கே, பழுப்புடா! மருந்து இருக்குடா உனக்கு!"

"அப்போ இந்த வருஷம் படகைக் கடல்ல இறக்கிடலாமா அக்கா?"

"இறக்குடா தடியா!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா? திரும்பி வந்து மூன்றாவதை எடுத்தாள். அதுவும் பழுப்பு. இரத்த அணுக்கள் தாமாகவே அந்தச் சாயத்தைப் பழுப்பாக்கிவிடும்; அதைத் தடுக்கத் தகடுகளை முதலில் பெராக்சைடில் முக்க வேண்டும். அவள் முக்கவில்லை. முதல் வாரம் சேர்ந்த பெண்கூட மறக்காத வேலை. நிதானமாகப் பார்த்திருந்தால் கட்டியின் அணுக்களுக்கு இடையில்தான் பழுப்பு என்று தெரிந்திருக்கும். அவள் பார்க்க விரும்பியதைப் பார்த்தாள், பாவி.

யாரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். அடுத்த நாள் டான்சில் அழகாகப் பழுப்பாகியிருந்தது. மூன்றாவது தகடு நீலம். இரண்டாவதும் நீலம். ஒரு மணிநேரம் தேடியும் கட்டியில் ஒரு பழுப்பு அணு இல்லை. யெஸ்ஸனும் பார்த்துவிட்டு அவள் தோளில் கை வைத்தார். அவளுக்கு அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது.

தொலைபேசியில் எண்ணைச் சுழற்றினாள்.

"ஹௌக்கே, நேத்து நான் சொன்னது தப்புடா. என் தப்பு. அது அந்த நோய் இல்ல."

"இல்லன்னா நல்லதுதானே அக்கா?"

"இல்லடா."

அவனுக்குப் பின்னால் வானொலி பாடிக்கொண்டிருந்தது; அதை அவன் அணைப்பது கேட்டது.

"காலையிலதான் படகுக்கு ரெண்டாவது பூச்சு அடிச்சேன்," என்றான். "காயட்டும். காய்ஞ்சதும் வித்துடு அக்கா."