அப்பாவின் தோளில் பார்த்த வேட்டை

அப்பா இறந்தபோது எனக்கு மூன்று வயது, அக்காவுக்கு ஐந்து. அவரைப் பற்றி எனக்கிருந்தது ஒரே ஒரு ஞாபகம். உற்சவத்தில் பள்ளிவேட்டை நாள். பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து சுவாமி வேட்டைக்குப் புறப்படும்போது மேளம் கிடையாது, கூட வருகிற கூட்டத்துக்கும் பேச்சு மூச்சு கிடையாது. அந்தக் கூட்டத்தில் நான் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் அண்ணாந்து என்னைப் பார்த்து வாயில் விரல் வைக்கிறார். அவ்வளவுதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் குறைந்துவிடும் என்று பயம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு விடுமுறைக்கு அக்கா பம்பாயிலிருந்து எங்கள் வலியசாலை வீட்டுக்கு வந்திருந்தாள். தன் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அவள் சொன்ன கதை என் காதில் விழுந்தது. அதே தோள், அதே விரல். உட்கார்ந்திருந்தது மட்டும் அவள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது நானாக்கும்" என்றேன்.

"நீ அன்னிக்கு அம்மா இடுப்புல இருந்தே. ஒனக்கு என்ன ஓர்மை இருக்கப் போறது?" என்றாள் அக்கா.

மூளை பழையதை எடுத்துத் தருவதில்லை, நினைக்கும்போதெல்லாம் புதிதாகச் செய்து தருகிறது என்று எங்கோ படித்திருக்கிறேன். அது அக்காவின் மூளைக்குத்தான் பொருந்தும் என்று உறுதியாக நம்பினேன். பொம்மைக்குச் சண்டை போடும் பிள்ளைகளைப் போல இருவரும் அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் நியாயம் கேட்டோம்.

அம்மா அடுப்பை அணைத்தாள்.

"ரெண்டு பேரும் இல்லை. ஒங்கப்பா கூட்டத்துப் பக்கமே போகமாட்டார். கடேசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரி. கொழந்தைகளைக் கூட்டிண்டு வான்னு கேட்டார், நான்தான் மாட்டேன்னுட்டேன். அவர் போனப்பறம் அப்பா எங்கே, அப்பா எங்கேன்னு ரெண்டு பேரும் பிராணனை வாங்கினேள். பின்னே நான் என்ன பண்ணுவேன்? தோள்ல தூக்கிண்டு வேட்டை காட்டினார்னு ஒனக்கும் சொன்னேன், அவளுக்கும் சொன்னேன். தெனம் சொன்னேன்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொய் என்று தெரிந்த அந்த நிமிஷத்திலும் அப்பா என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"சரிம்மா, நெஜமா நடந்தது ஏதாவது ஒண்ணு சொல்லு" என்று கெஞ்சினேன். "எங்களைக் கொஞ்சினது, திட்டினது, எதுவானாலும்."

"ஒரு நாள் அவர்..." என்று அம்மா ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்தினாள்.

"அவரை நெனைச்சா எனக்கும் அதுதாண்டி வரது" என்றாள். "வேட்டைக் கூட்டத்துல நிக்கறார், தோள்ல கொழந்தை. மத்ததெல்லாம் எங்கே போச்சு?"