நடுவில் இருந்த ஆக்சிலேட்டர்

எங்கள் பழைய காரில் ஆக்சிலேட்டர் நடுவில் இருந்தது. இடது ஓரம் கிளட்ச், வலது ஓரம் பிரேக், இரண்டுக்கும் இடையில் தேய்ந்து பளபளக்கும் ஒரு சின்னப் பெடல். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்த வண்டி. அந்தக் காலத்தில் சில கார்களை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இப்போதைய காரை ஓட்டிப் பழகியவர்கள் அவசரத்தில் காலைத் தப்பாக வைத்துவிடுவார்கள் என்பதால் அந்த வண்டியை வேறு யாரும் ஓட்டக் கூடாது என்பது என் கணவர் போட்ட சட்டம். அந்த 'வேறு யாரும்' என்பதில் நானும் அடக்கம். வீட்டில் இருந்த இன்னொரு காரான மாருதியை நான்தான் ஓட்டுவேன். கடைக்கு, பேங்குக்கு, சென்னையில் இருக்கும் மகள் வீட்டுக்குக்கூட. ஆனால் பழைய காரில் என் இடம் எப்போதும் இடது பக்க சீட்.

அவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சூளைப் பொறுப்பாளராக இருந்தார். ஃப்யூஸ் கட்டைகளும் சின்ன இன்சுலேட்டர்களும் சுடும் இடம். கல்யாணமாகிச் சில வருடம் கழித்து, ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு பெரிய பண்ணை வீட்டுக் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த இந்த வண்டியை எங்கேயோ கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். அன்று சாயங்காலமே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதை ஓட வைக்கப் பல வருடம் ஆயிற்று. ஓட ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு இன்னொரு வேலை இருப்பது தெரிந்தது: ஓடுவதைப் பத்திரமாக ஓட வைப்பது.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் அதற்கே போயின. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றிப் பார்ப்போம். பிரேக் எண்ணெயில் வேலை செய்வதில்லை. இரும்புக் கம்பிகள் இழுத்துத்தான் பிடிக்கும். நாலு சக்கரத்திலும் ஒரே மாதிரி பிடிக்காவிட்டால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். ரேடியேட்டரில் தண்ணீர், அடியில் எங்கெங்கோ ஒளிந்திருக்கும் இடங்களில் கிரீஸ். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும் என்பதால் பெட்ரோல் குழாயைப் பிசைந்து பார்ப்பதும், முகர்ந்து பார்ப்பதும் என் வேலை. மூக்கு எனக்குத்தான் கூர்மை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வெயிலில் பிடித்து, நுனிப் பீங்கானின் நிறத்தைச் சூளையிலிருந்து வந்த சரக்கைப் பார்ப்பதுபோலவே பார்ப்பார். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

ஓட்டும்போதும் அவருக்கு விதிகள் உண்டு. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நடுவே ஒரு லாரி நிற்கிற அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளியில் பைக்கில் வருகிறவர்கள் புகுந்துகொள்வார்கள். கோபப்படாமல் மறுபடியும் பின்தங்குவார். வண்டியின் விளக்கு வெளிச்சம் மினுக்கட்டான் பூச்சி மாதிரி மங்கல் என்பதால் இருட்டுவதற்குள் வீடு. மேம்பாலத்தில் ஏறுமுன்பே கியரைக் குறைத்துவிடுவார். அந்த கியர் பெட்டியில் கிளட்சை இரண்டு முறை மிதித்துத்தான் மாற்ற வேண்டும். நடுவில் எஞ்சின் வேகத்தைச் சரியாகக் கூட்டாவிட்டால் பல் கடிக்கிற சத்தம் வரும். அவர் ஓட்டி அந்தச் சத்தம் நான் கேட்டதில்லை.

அவருக்குச் சர்க்கரை வந்தது எங்கள் இருவருக்கும் பெரிய செய்தியாக இல்லை. யாருக்குத்தான் இல்லை என்று இருந்துவிட்டோம். ஆனால் ஒருநாள் பழமலைநாதர் கோயிலுக்குப் போனபோது, தெருவில் ஒரு பூக்காரம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். "சார், செருப்ப வுட்டுட்டுப் போறீங்களே!" வலது கால் செருப்பு நடுத்தெருவில் கிடந்தது. இவர் வெறுங்காலோடு வெயில் ரோட்டில் நடந்துகொண்டிருந்தார். காலுக்குச் சூடு தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "என்னங்க, இந்தக் காலோட பழைய வண்டிய எடுக்க வேணாங்க."

"கால் மரத்தா என்ன, நான் என்ன காலப் பாத்தா ஓட்றேன்?" என்றார்.

"அதான் நானும் சொல்றேன். பாக்காம ஓட்டணும்னா அங்க உணர்ச்சி இருக்கணும்ல?"

 அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெல்லிய அடித்தோல் வைத்த ஷூ ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். அதைப் போட்டால் பெடல் தெரிகிறது என்றார். நான் நம்பினேன், அல்லது நம்ப விரும்பினேன். தை மாதக் காலை, வெயில் இளசாக இருந்தது, சேத்தியாத்தோப்பு வரைக்கும் போய் வெள்ளாற்றுப் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று கிளம்பினோம்.

அறுப்புக் காலம். ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். சேத்தியாத்தோப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு. வளைவு திரும்பியதும் எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர். எங்கள் பக்கத்தில் நெல். நெல்லின் மேல் நடந்து காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண். நிற்பதற்குத் தாராளமாக இடம் இருந்தது. அவர் வழக்கம்போல முன்கூட்டியே காலை எடுத்து வைத்தார். எஞ்சின் உறுமியது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் குழப்பமாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்திருக்கிறார், இன்னும் அழுத்தினார். வண்டி பாய்ந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன். இன்னொரு கை வந்து சாவியைத் திருப்பியது, அது அவருடையது. எஞ்சின் நின்றது. பின் சக்கரங்கள் நெல்லில் வழுக்கிக்கொண்டு போய், வண்டி குறுக்காகத் திரும்பி நின்றது. முன் பம்பருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே கை நீட்டினால் தொடுகிற தூரம்தான் இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கத்தினாள்.

"ஏங்க, ஆளு நிக்கறது கண்ணுக்குத் தெரியலயா? இவ்ளோ நெல்லு கொட்டிக் கெடக்குது, அதுகூடவா தெரியல? எனக்கு ஒண்ணுன்னா எங்க வூட்ல ஆரு இருக்கறாங்க?"

என் கணவர் இறங்கி அவள் முன்னால் போய்க் கைகூப்பினார். "தப்பு எம்மேலதாம்மா. காலு எங்க இருக்குதுன்னு எனக்கே தெரியலம்மா" என்றார்.

அவள் அவருடைய காலைப் பார்த்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியது. "சரி, சரி. பெரியவரு ஏன் கையக் கும்புடறீங்க. அந்தப் பக்கம் செதறுனத தள்ளிக் குடுத்துட்டுப் போங்க" என்று துடைப்பத்தை என்னிடம் நீட்டினாள். நான் பெருக்கினேன். அவர் வண்டிக்கு அடியில் குனிந்து சக்கரத்தில் ஒட்டிய நெல்லைக் கையால் வழித்து வழித்துப் போட்டார். 

எல்லாம் முடிந்து வண்டியை நேராகத் தள்ளி நிறுத்தினோம். அவர் ஓட்டும் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்தார். பிறகு இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"எறங்கும்மா. நீ ஓட்டு."

"எனக்கு இதுல கியர் போடத் தெரியாதுங்க."

"நான் எப்பன்னு சொல்றேன். நீ மிதிச்சா போதும்."

அப்படித்தான் அந்த வண்டியின் வலது பக்க சீட்டில் முதன்முதலாக உட்கார்ந்தேன். பயத்தில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலை வைத்தேன். எந்தப் பெடல் எது என்று மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு மனப்பாடம் செய்தேன். அவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு "இப்ப" என்பார், நான் மாற்றுவேன். வழி நெடுக பல் கடிக்கிற சத்தம். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். ஒரு தடவைகூடத் திட்டவில்லை.

அதற்குப் பிறகு சில வருடம் நான்தான் ஓட்டினேன். வண்டியின் முன்னால் சொருகும் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பவும் கற்றுக்கொண்டேன். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது விரல் போய்விடும். மாருதி ஓட்டிய அன்று இதைத் தொடமாட்டேன். அது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். மெல்ல மெல்லக் கைக்கும் காலுக்கும் வண்டி பழகியது. நான் சந்தோஷமாக இருந்தேன். இந்த வயதில், பஸ் ஸ்டாண்டு முன்னால் ஆட்டோக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, நான் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன்.

ஒருநாள் மேம்பாலம் ஏறும்போது கவனித்தேன். அவர் "இப்ப" என்று சொல்லவில்லை. நானே மாற்றிவிட்டிருந்தேன், சத்தமே இல்லாமல். எத்தனை நாளாக அவர் சொல்லாமல் இருக்கிறார் என்று யோசித்தேன், தெரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கூப்பிட்டபோது, "நீ போயிட்டு வாயேன். எனக்குக் கொஞ்சம் அசதியா இருக்குது" என்றார். அதற்கடுத்த வாரமும் அசதி. தனியாக ஒருமுறை கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் போனேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது. பாதி வழியிலேயே திரும்பிவிட்டேன்.

பிறகு அவர் காலில் புண் வந்தது. விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. வண்டியின் படி உயரம். அவரால் ஏற முடியவில்லை. நிற்கும் வண்டி ஓடும் வண்டியைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும். விற்றுவிடலாம் என்று அவர்தான் சொன்னார்.

புதுச்சேரியிலிருந்து ஒரு இளம் கணவன் மனைவி வந்தார்கள். நல்லவர்கள், அடியில் படுத்து, கம்பிகளை எல்லாம் அசைத்துப் பார்த்தார்கள். அந்தப் பெண் என் கணவரிடம் கேட்டாள். "நானும் ஓட்டலாங்களா சார்? கஷ்டமா இருக்குமா?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் நிமிர்ந்தார். "எங்க வூட்ல இவங்கதாம்மா ஓட்டுவாங்க. என்னவிட நல்லா ஓட்டுவாங்க. எனக்குக் கால் நல்லா இருந்தப்பகூட மேம்பாலத்துல இவ்ளோ அழகா கியர் எறக்கினதில்ல" என்றார்.

நான் உள்ளே போய் டீ போட்டேன். அவர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போகவில்லை. லாரியில் ஏற்றிக் கயிறு கட்டிக் கொண்டுபோனார்கள். அதுதான் பத்திரம்.

அன்று மாலை இருவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன். "அவங்ககிட்டச் சொன்னீங்களே, அத எங்கிட்ட ஒருநாள் சொல்லியிருக்கலாமேங்க."

"சொன்னா நான் ஒரேயடியா வண்டிய விட்டு எறங்கிட்டேன்னு ஆயிடுமேன்னு இருந்துட்டேன்" என்றார். பிறகு, "அது ஓட ஆரம்பிச்ச புதுசுலயே நீயும் அத ஓட்டக் கத்துக்கிட்டிருந்தா, ஆளுக்குப் பாதி தூரம்னு ராமேஸ்வரம் வரைக்கும் போயிருக்கலாம், இல்ல?" என்றார்.

போயிருக்கலாம்தான். அவருக்குக் காலும் எனக்குப் பழக்கமும் ஒரே சமயத்தில் இருந்த வருடம் எங்களுக்கு வாய்க்கவில்லை. நான் கேட்டதில்லை, அவர் தந்ததில்லை. இரண்டுமே அப்போது இயல்பாகத்தான் இருந்தன. அவர் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு புண்ணுக்குப் போட்ட கட்டைப் பிரிக்க ஆரம்பித்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். "நீ தொடறதே தெரியலம்மா" என்றார்.