எங்கள் வீட்டுப் பச்சைப் புடவை

எங்கள் போட்டோ ஸ்டுடியோவில் இரண்டு மானிட்டர்கள் இருந்தன. இரண்டுக்கும் ஜென்மப் பகை. என் வீட்டுக்காரருடையதில் ரோஜாப்பூப் போல இருக்கும் மணப்பெண், என்னுடையதில் மஞ்சள்காமாலை வந்து எழுந்தவளைப் போல இருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் போட்ட சண்டையைவிட இந்த இரண்டு பெட்டிகளால் போட்ட சண்டைதான் அதிகம்.

ஃபிலிம் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ரோலை வேலூர் பஸ்ஸில் கொடுத்தனுப்புவோம், பிரின்ட் வரும். நிறம் சரியில்லை என்றால் லேபைத் திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம். தொண்ணூறுகள் முழுக்க அப்படித்தான் ஓடியது. டிஜிட்டல் கேமரா வந்ததும் நிறம் எங்கள் தலையில் விழுந்தது. அதுவும் ஆரணியில். இங்கே கல்யாணத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டுக்காரர்கள். மாப்பிள்ளை முகம் கறுத்திருந்தால் பொறுத்துக்கொள்வார்கள்; முகூர்த்தப் புடவையின் அரக்குச் சிவப்பு காப்பிப்பொடி நிறத்தில் வந்தால் ஆல்பத்தை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

முகூர்த்தப் படங்களை என் வீட்டுக்காரர் சரிசெய்வார், வரவேற்புப் படங்களை நான். பிறகு இன்னொரு மென்பொருளில் ஏற்றிப் பக்கம் கட்டுவேன். அங்கே போனால் அது ஒரு மூன்றாவது நிறம் காட்டும். எங்களுக்குப் பைத்தியம் பிடிக்காததுதான் குறை.

என்னென்னவோ செய்தோம். ரோஸ் கலர் சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்தோம். இரண்டு அறையிலும் ஒரே மாதிரி டியூப்லைட் போட்டோம். லேபில் நன்றாக வந்த ஒரு பிரின்டை இரண்டு திரைகளுக்கும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பொத்தான்களை அழுத்தி அழுத்திச் சமப்படுத்தினோம். பிறகு யாரும் தொடக் கூடாதென்று பொத்தான்கள்மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். இரண்டு மென்பொருளிலும் ஒரே கலர் புரொஃபைல் வைக்கச் சொல்லி லேப்காரர் போனில் சொல்லிக்கொடுத்தார். ஒருவழியாக ஒரே படம் இரண்டு திரையிலும் ஒன்றுபோலத் தெரிந்தது. அன்று என் வீட்டுக்காரர் போண்டா வாங்கி வந்தார். பேஜார் ஒழிந்தது என்று நானும் இரண்டு அதிகமாகவே தின்றேன்.

அடுத்த ஆல்பம் வேலூரிலிருந்து வந்தது. என் பக்கங்கள் சரியாக இருந்தன. அவருடைய பக்கங்களில் எல்லார் முகத்திலும் பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை. லேபைக் கூப்பிட்டு நன்றாகக் கொடுத்தேன். லேப்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் அனுப்பிய ஃபைலைத் திறந்து பாருங்கள் என்றார். என் திரையில் திறந்தேன். பச்சை. என் வீட்டுக்காரர் திரையில் திறந்தேன். அங்கேயும் அதே பச்சை. இரண்டு மானிட்டர்களும் முதல்முறையாக ஒத்துப்போயிருந்தன.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "எங்க பச்சை?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாடுகிற ஆள்தான். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. எங்கள் ஊரில் யாரும் டியூப்லைட்டில் பட்டின் நிறத்தை நம்ப மாட்டார்கள், கடை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பார்ப்பார்கள். திரையோடு ஒப்பிட நான் வைத்திருந்த பட்டு நூல் துண்டுகளில் அரக்கு ஒன்றும் பாட்டில் பச்சை ஒன்றும் எடுத்துக்கொண்டு அவரை வாசல்படிக்குக் கூட்டிவந்தேன். எது அரக்கு என்று கேட்டேன். நூலை நெடுநேரம் பார்த்தார். பிறகு நூலை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார், பதில் அங்கே எழுதியிருக்கிறதா என்று தேடுவதைப் போல. மறுநாளே வேலூர் பஸ் ஏறினோம்.

வேலூரில் கண் டாக்டர் அட்டையெல்லாம் காட்டிப் பார்த்துவிட்டு, முன்பு என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அதற்கு முந்தைய வருஷம் அவருக்கு டிபி வந்து மாதக்கணக்கில் மாத்திரை போட்டுக் குணமாகியிருந்தது. அதில் ஒரு மாத்திரை அபூர்வமாகச் சிலருக்குக் கண் நரம்பைத் தாக்கி, சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாமல் செய்துவிடும் என்றார் டாக்டர். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. உயிரைக் கொடுத்த மாத்திரையை யார் திட்ட முடியும்? நான் திட்டினேன், மனசுக்குள், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்.

திரும்பி வரும்போது கண்ணமங்கலத்தில் பஸ் நின்றது. அவர் சொன்னார்: "மங்கலா தெரிய ஆரம்பிச்சப்பவே மானிட்டரு பழசாயிடுச்சின்னு நெனச்சிகினு இருந்தேன். ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம். கலரே தெரியாதவன்கிட்ட ஆரணியில எவன் கல்யாணத்த குடுப்பான்?"

நிறம் பார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கு அவர் சம்மதிக்கவில்லை. வேறு வழி கண்டுபிடித்தார். மென்பொருளில் அம்புக்குறியை எந்த இடத்தில் வைத்தாலும் அங்கே சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்களைக் காட்டும். மானிட்டர் எப்படிக் காட்டினாலும் எண் மாறாது. மல்லிகைப்பூவில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். முகத்தில் சிவப்பு முதலில், அடுத்து பச்சை, கடைசியில் நீலம். அரக்கில் முதல் எண் மட்டும் எழும்பி நிற்கும், மற்ற இரண்டும் தாழ்ந்து கிடக்கும். கோயிலில் மந்திரம் சொல்கிறவரைப் போல எண்களை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார்.

ஆல்பங்கள் முன்னைவிட நன்றாக வந்தன. என் பக்கங்களைவிடவும். பட்டு வியாபாரி ஒருவர் தன் மகள் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "உங்க வூட்டுக்காரருக்கு இருக்குற கண்ணு யாருக்கும் வராதுங்க" என்றார். டீ சொல்கிறேன் என்று உள்ளே போய், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

நிறம் திரும்பவில்லை. அவ்வப்போது நூல் துண்டுகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள், போதும் என்று என் கையை மெதுவாக விலக்கிவிட்டார்.

அந்தத் தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போனோம். கல்யாணமானதிலிருந்து எனக்குப் புடவை அவர்தான் எடுப்பார். வேறு எதிலும் அவர் பேச்சை நான் கேட்டதில்லை, புடவையில் மட்டும் கேட்பேன். போக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? கடைக்காரருக்கு விஷயம் தெரியாது. "அண்ணனே பாத்து சொல்லட்டும்" என்று குவியலை அவர் முன்னால் தள்ளினார். அவர் தடவிப் பார்த்து ஒன்றை எடுத்தார். பழக்கத்தில் வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனார். நானும் பின்னாலேயே போனேன்.

"இந்தப் பச்சை உனக்கு நல்லா இருக்கும்" என்றார், மெதுவாக.

அவர் கையில் இருந்தது அரக்கு.

எனக்காகப் புடவை தேர்ந்தெடுக்கும்போது அவர் முகத்தில் வருகிற ஒரு பெருமை உண்டு. எத்தனையோ மாதம் கழித்து அன்றுதான் அதைப் பார்த்தேன். கடைக்காரர் ஏதாவது சொல்லித் தொலைப்பதற்குள், "ஆமாங்க, நல்ல பச்சை" என்று என் வீட்டுக்காரர் காதோடு சொல்லிவிட்டு, புடவையை வாங்கிக்கொண்டு போய்ப் பொட்டலம் கட்டச் சொன்னேன்.

தீபாவளியன்று அதைக் கட்டிக்கொண்டேன். ஸ்டுடியோவில் பின்னணித் துணிக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தார். நான் வீட்டுக்குள் போய் வடைக்கு எண்ணெய் வைத்த பிறகுதான் எண்களின் ஞாபகம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

மானிட்டர் முழுக்க நான் நின்றுகொண்டிருந்தேன். அம்புக்குறி என் தோள் மடிப்பின்மேல் இருந்தது. பக்கத்தில் மூன்று எண்கள். முதல் எண் எழும்பி நின்றது, மற்ற இரண்டும் தாழ்ந்து கிடந்தன. அவர் கை மவுஸின்மேல் அசையாமல் இருந்தது. நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

வெகுநேரம் கழித்து அம்புக்குறியை என் முகத்துக்கு நகர்த்தினார். அங்கே ஏதோ கொஞ்சம் சரிசெய்தார். புடவையைத் தொடவில்லை. படத்தைச் சேமித்தார்.

"பச்சை நல்லா வந்துகீது, பாரு" என்றார், திரும்பாமலே.

"ஆமாங்க" என்றேன். என் குரல் உடைந்தது அவருக்குக் கேட்டிருக்கும். நிறம்தான் தெரியாதே தவிர, காது அவருக்கு நன்றாகவே கேட்கும்.