கடலடிச் சேற்றில் ஈத்தேன்

அழுகிய முட்டை வாடை. கூடவே புஸ்ஸென்று ஒரு சத்தம்...

கடலுக்கு அடியிலிருந்து மண்ணை நீளக் குழாயில் உருவி மேலே கொண்டுவருவார்கள். அதற்குக் கோர் என்று பெயர். கப்பல் டெக்கில் கிடத்தியதும் உள்ளே அடைபட்டிருந்த வாயு விரிந்து, சேறு தானாகப் பிதுங்கும்.

எனக்கு அது புதிதில்லை. நன்னிலத்தில் எங்கள் வயலில் நடவு நேரத்தில் கால் வைத்தாலே சேற்றில் குமிழி கிளம்பும். அதுவும் மீத்தேன்தான். கப்பலில் வேலை என்றதும் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏம்மா, நம்ம வயல்ல இல்லாத சேறா கடல்ல இருக்கு?"

கூடப் படித்தவர்கள் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்த வருஷங்கள். நான் கெமிஸ்ட்ரி பட்டத்தோடு ஆராய்ச்சிக் கப்பலில் ஏறினேன். வயது இருபத்தாறு. லேபில் ஒரே பெண்.

கோரிலிருந்து ஒரு துண்டு மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, சூடாக்கி, மேலே சேரும் வாயுவை ஊசியால் உறிஞ்சி ஜி.சி. மெஷினில் செலுத்துவேன். எந்த வாயு எவ்வளவு என்று அது காகிதத்தில் முகடு முகடாக வரைந்து தரும். மீத்தேன் மட்டும் வந்தால் பெரிதாகப் பயமில்லை, சேற்றிலுள்ள நுண்ணுயிர்களின் வேலை. ஈத்தேனும் சேர்ந்து வந்தால் அடியில் எண்ணெயோ எரிவாயுவோ அழுத்தத்தில் காத்திருக்கலாம். துளையிடுவதை உடனே நிறுத்தியாக வேண்டும். அது பீறிட்டு வந்தால் கப்பலில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து.

ஒரு நாள் காலை அந்த ஈத்தேன் வந்தது.

முகட்டைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குழுத் தலைவரிடம் சொன்னேன். துளையிடுவது நின்றது. துளையைச் சிமென்ட் போட்டு மூடிவிட்டு வேறு இடம் நகர முடிவானது. ஒன்பது நாள் உழைப்பு வீண்.

லேப் டெக்னீஷியன் சலீம் பாய் நாகூர்க்காரர். பல வருஷம் கல்ஃபில் எண்ணெய்க் கிணறுகளில் இருந்துவிட்டு வந்தவர். நன்னிலம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் தங்கச்சி. கோரை மோந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, ஆழத்துலேர்ந்து வர்ற காஸ்னா லேசா மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். இதுல ஒங்க வயக்காட்டு வாடைதான் வருது."

"மூக்க நம்பி ரிப்போர்ட் எழுத முடியாது பாய்."

"மெஷின நம்பி எழுதலாமாக்கும்."

கிண்டல்தான். ஆனால் உறைத்தது. மூக்கை நம்பாதவள் என் கையை மட்டும் ஏன் நம்பினேன்?

அன்று காலை மெஷினைச் சரிபார்க்க, அளவு தெரிந்த ஒரு வாயுக் கலவையைச் செலுத்தியிருந்தேன். அதில் ஈத்தேன் உண்டு. அதற்குப் பிறகு ஊசியை மூன்று முறை ஹீலியத்தால் கழுவ வேண்டும். வெறும் ஹீலியத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் மண்ணின் வாயு. கோர்கள் அடுத்தடுத்து வந்த அவசரத்தில் அப்படியே அதே ஊசியை எடுத்துவிட்டேனா... எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

தலைவரிடம் போய் அரை மணி நேரம் கேட்டேன். கப்பல் சும்மா நிற்கும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கரையிலிருக்கும் ஆபீசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். முகம் சுருங்கியது. சரி, போங்க என்றார்.

அதே ஊசியில் வெறும் ஹீலியத்தை ஓட்டினேன். ஒன்றுமே வரக் கூடாது. ஈத்தேன் குட்டியாக எட்டிப் பார்த்தது. புது ஊசி எடுத்து, அதே கோரின் மிச்சமிருந்த மூன்று குப்பிகளையும் ஓட்டினேன். மூன்றிலும் மீத்தேன் மட்டும்.

நான்கு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"சார், காலைல சொன்ன நம்பர் தப்பு. ஊசியக் கழுவாம போட்டுட்டேன். என் தப்புதான். மண்ணுல ஈத்தேன் இல்ல."

"நாளைக்கு இன்னொரு நம்பரோட வந்து நிப்பீங்களா?"

"தப்புன்னு தெரிஞ்சா வருவேன் சார்."

தலைவர் காகிதங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். பிறகு வயர்லெஸ்ஸை எடுத்து, துளையிடுவதைத் தொடரச் சொன்னார். நினைத்த ஆழம் வரை போனோம்.

இன்றைய ஜி.சி. ஊசியைத் தானே கழுவிக்கொள்கிறது. ஊரும் மாறிவிட்டது. மீத்தேன் என்றால் என்னவென்று அப்பாவுக்கு விளக்க எனக்கு அப்போது ஒரு சாயங்காலம் ஆனது. இப்போது டீக்கடை பெஞ்ச் வரை அந்தச் சொல் தெரியும். பயத்தோடு தெரியும்... எங்கள் வயல்களுக்கு அடியிலிருந்து மீத்தேன் எடுக்க ஒரு திட்டம் வந்தது, அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பெரியப்பா மகன் போனை நீட்டினார். எங்கள் பக்கத்து மண்ணுக்கு அடியில் இவ்வளவு வாயு இருக்கிறது என்று ஒரு ஃபார்வர்ட். யார் அளந்தது, எப்படி அளந்தது, ஒன்றும் இல்லை.

"நீ கப்பல்ல பாத்த வேலதானே இது. சரியா, தப்பா?"

"யார் அளந்தாங்கன்னு விசாரிச்சுச் சொல்றேண்ணே. ஒரு அரை மணி நேரம் குடுங்க."

தலையாட்டினார். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் அது இன்னும் மூன்று குரூப்புக்குப் போய்விட்டது.

அன்று கப்பலில் அந்தத் தலைவர் என்னை நம்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை. எரிச்சலோடுதான் அந்த அரை மணி நேரத்தைக் கொடுத்தார்.

ஆனால் கொடுத்தார்.