இரண்டாள் வேலை

1944-ல் கிருபைக்கு வயது இருபது. நாசரேத்தில் மிஷன் பள்ளி வாத்தியாரான பொன்னுதுரையின் மூத்த மகள். தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. முன்பு அங்கே இரண்டு ஆண்கள் அந்த வேலையைப் பார்த்தார்கள். இருவரும் பட்டாளத்தில் சேர்ந்துவிட, அந்த இடத்துக்கு இவள் ஒருத்திதான்.

கப்பல்கள் கரைக்கு வராமல் ஐந்தாறு மைல் தள்ளிக் கடலில் நிற்கும். சரக்கு தோணியில் போகும். தோணி கிளம்புவதற்குள் காகிதங்கள் தயாராக வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தாள் அடித்தாள். கெட்டிக்காரி என்று தெரிந்ததும் அது ஐம்பதானது. ஆறாவது மாதம் வலது கை விரல்கள் மரத்துப்போயின. சோற்றைப் பிசைந்தால் சூடு தெரியவில்லை.

ஹெட் கிளார்க் பாஸ்கலிடம் இன்னொரு ஆள் கேட்டாள். அவர் முப்பத்தொரு வருஷ சர்வீஸ்காரர்.

"எங்க காலத்துல கை வலிக்குன்னு ஒருத்தன் சொன்னது கிடையாதுளா. போய் வேலையப் பாரு."

கை மரத்துப்போகிறது, ஊருக்கே வந்துவிடவா என்று அப்பாவுக்கு எழுதினாள். 'ஊரே உன்னைச் சொல்லித்தான் தங்கள் பெண்களைப் படிக்க வைக்கிறது. திரும்பி வந்து என்னைத் தலைகுனிய வைத்துவிடாதே' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு வலியைப் பற்றி அவள் வீட்டுக்கு எழுதவில்லை.

ஐப்பசியில் அது நடந்தது. மருந்துக்கு ஏற்றுமதியாகும் நிலாவரை இலை மூட்டைகள் தோணியில் ஐந்நூற்று முப்பது. காகிதத்தில் ஐந்நூற்று எண்பது. ஐம்பது மூட்டை குறைகிறது என்று கப்பலில் சரக்கையே ஏற்ற மறுத்துவிட்டார்கள். தோணி அப்படியே திரும்பி வந்தது. கப்பல் போய்விட்டது. வெள்ளைக்கார மேனேஜர் மேஜையைத் தட்டிக் கத்தினார். நாளைக் காலைக்குள் தப்பு யாருடையது என்று தெரிய வேண்டும், அந்த ஆள் வெளியே.

கிருபை குப்பைக் கூடையைக் கிளறி, தான் பார்த்து அடித்த குறிப்புத் தாளை எடுத்தாள். பாஸ்கலின் கையெழுத்து. எண்பது என்றுதான் இருந்தது. ஆட்கள் போன பிறகு அவரிடம் நீட்டினாள்.

"சார், இது நீங்க எழுதினது. நீங்களே துரைட்ட சொல்லிருங்க."

அவர் தாளை மூக்குவரை கொண்டுபோனார். பிறகு கீழே வைத்தார்.

"எனக்குக் கண்ணு தெரியலளா. ஈஸ்டர்லேருந்து இப்படித்தான். மூணும் எட்டும் ஒண்ணுபோலத் தெரியுது. பாக்காமத்தான் கையெழுத்துப் போடுதேன். வீட்டுல கெட்டிக்குடுக்க ரெண்டு குமரு நிக்கி. நீ சின்னப்புள்ள, வேற எங்கனயும் பொழச்சுக்கிடுவ. தப்பு ஒன்னுதுன்னு சொல்லிரு."

"எனக்கு வெரலே இல்ல சார். என்னைய எவன் எடுப்பான்?"

இரவெல்லாம் அவள் தூங்கவில்லை. ஊரிலிருந்த நாலு தம்பி தங்கைகளும் அப்பாவின் கடிதமும் மாறிமாறி நினைவில் வந்தன. விடிந்ததும் மேனேஜர் அறைக்குப் போய்க் குறிப்புத் தாளை மேஜையில் வைத்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பாஸ்கலை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை அடிக்க வேறு ஆளில்லை. கிருபையே அடித்தாள். கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் அதைத் திருப்பி அவளிடமே நீட்டினார்.

"நீயே வாசிச்சிரு."

வாசித்தாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி படியிறங்கினார். யாரும் எழுந்து வரவில்லை.

அவர் வேலையும் இவள் தலையில் விழுந்தது. ஹெட் கிளார்க் வேலையே கிடைத்துவிட்டதாக நாசரேத்தில் அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தை மாதம் ஒரு நாள் தண்ணீர்ச் செம்பு அவள் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், விரல்கள் மடங்கவில்லை. அன்றே யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள்.

வாசலில் நின்ற அப்பாவிடம் வீங்கிய வலது கையைக் காட்டினாள். அவர் அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"எடது கை நல்லாத்தான இருக்கு?" என்றார்.