கதவில் எழுதிய இங்கிலீஷ்

எங்கள் லோத்குண்டா வீட்டுச் சமையலறைக் கதவின் உட்புறம் முழுக்கச் சாக்பீஸ் எழுத்தாக இருக்கும். கோ, வென்ட், கான். ஈட், ஏட், ஈட்டன். குழம்பு கொதிக்கிற நேரத்தில் அம்மா அதைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். கதவைத் திறந்துவைத்தால் எழுத்து சுவர்ப் பக்கம் போய்விடும் என்று, அந்த வெயில் காலம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வெந்தாள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அப்பாவுக்குப் பொதுத்துறைக் கம்பெனியில் வேலை. என்னைக் கான்வென்டில் சேர்த்தே தீருவது என்று இருந்தார். அங்கே பெற்றோரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். அதுவும் தாய்க்கு இங்கிலீஷ் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். படிக்கப்போவது பிள்ளை, பரீட்சை தாய்க்கு! இது என்ன நியாயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து காபியைக் குடித்த கையோடு அப்பா இலக்கணப் புத்தகத்தைப் பிரித்துவிடுவார். தப்பாகச் சொன்னால், "மண்டைல என்னதான் இருக்கு உனக்கு?" என்பார். எட்டாவதோடு படிப்பு நிறுத்தப்பட்டவள் அம்மா. நிறுத்தியது அவள் இல்லை.

ஆனாலும் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் பால்காரரிடமே, "யூ ஆர் லேட் டுடே" என்று சொல்லிவிட்டாள். அவர் மிரண்டுபோய், எதற்கம்மா, கோபம் வேண்டாம் என்று உருதுவில், "கைக்கு அம்மா, குஸ்ஸா நக்கோ" என்று ஒரு கரண்டி பால் கூடுதலாக ஊற்றினார். அம்மா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் குழந்தைக்கு யார் பாடம் சொல்லித்தருவார்கள் என்று கட்டாயம் கேட்பார்களாம். அதற்குப் பதிலை அவளே யோசித்துக் கதவின் உச்சியில் எழுதினாள்: "ஐ வில் டீச் மை டாட்டர். ஐ ஆம் ஆல்சோ லேர்னிங்."

இன்டர்வியூ நாளன்று தலைமையாசிரியை அம்மாவைப் பார்த்து அதே கேள்வியைத்தான் கேட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா முந்திக்கொண்டு, தானே சொல்லித்தருவதாகவும், மனைவிக்கு இங்கிலீஷ் வராது, மன்னிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். கூசாமல் சொன்னார்! இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே நின்றிருந்த நான், அம்மாவின் வாய் மெல்ல மூடியதைப் பார்த்தேன். சீட் கிடைக்கவில்லை. தாய்க்கு இங்கிலீஷ் தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடமில்லையாம். அன்று சாயங்காலம் அம்மா ஈரத்துணியால் கதவைத் துடைத்தாள்.

அதோடு விட்டாரா மனிதர்? கல்யாண வீட்டில், ரயிலில், எங்கே நாலு பேர் கூடினாலும், "இவளுக்கு இங்கிலீஷ் வராததால பொண்ணுக்குக் கான்வென்ட் சீட் போச்சு" என்று வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பார்.

போன மாதம் என் பேத்தியின் பள்ளி இன்டர்வியூ பற்றிப் பேச்சு வந்தது. இன்னமும் பெற்றோரை உட்காரவைத்துத்தான் கேட்கிறார்கள், வெட்கமே இல்லை. அப்பா தன் பழைய வேடிக்கையை எடுத்தார். அம்மா சமையலறையிலிருந்து வந்து கதவருகே நின்றாள்.

"ஐ வில் டீச் மை டாட்டர். ஐ ஆம் ஆல்சோ லேர்னிங்."

ஒரு சொல் பிசகவில்லை. அப்பா, "இவ்வளவு நல்லா வருதே, அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்றார்.

"சொல்ல விட்டீங்களா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.