மாலை வெளிச்சத்துக்கு ஒரு கண்

கவின்கலைக் கல்லூரியில் ஓவியப் பிரிவில் நாங்கள் பதினான்கு பேர். இன்று ஒருவன் சினிமாவுக்கு செட் போடுகிறான். இரண்டு பேர் அனிமேஷன் கம்பெனியில் இருக்கிறார்கள். நான் பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். ஜெயஸ்ரீ வரைவது கண். கண்ணை இழந்தவர்களுக்குப் பொருத்தும் செயற்கைக் கண்.

அவளுடைய அப்பா மாணிக்கவாசகத்துக்கு தி.நகரில் பாத்திரக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து காலூன்றிய குடும்பம். பெண் பி.காம். முடித்துவிட்டுக் கடைக்கு வருவாள் என்று அவர் நினைத்திருந்தார். அவளோ நான்கு வருடமும் மனித முகங்களையே வரைந்தாள். எங்களில் முகம் கைவந்தது அவளுக்குத்தான். படிப்பு முடிந்ததும் அடையாறில் ஒரு சின்ன அரங்கில் சேர்ந்து கண்காட்சி வைத்தோம். மாணிக்கவாசகம் வந்தார். அவளுடைய ஆறு படங்களின் முன்னாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“நல்லாத்தாம்மா இருக்கு. இத வச்சு என்ன செய்யப் போறே?”

அவள் கோணலாகத் தொங்கிய ஒரு படத்தை நேராக்கினாள்.

இரண்டு வருடம் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு எடுத்தாள். பிறகு, ஒரு கண் மருத்துவமனையில் நிறம் சேர்க்கத் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். சட்டைப் பொத்தான் அளவு வட்டத்தில் கருவிழியை வரைய வேண்டும். வெள்ளை விழியின் நரம்புகளுக்குச் சிவப்புப் பட்டுநூலை இழை இழையாகப் பிரித்து ஒட்ட வேண்டும். நாம் கறுப்புக் கண் என்று சொல்வதில் காப்பிப்பொடிப் பழுப்பும் ஓரத்தில் சாம்பலும்தான் அதிகம் என்று முதல் மாதமே எனக்குப் போன் செய்து சொன்னாள்.

ஒரு வருடத்துக்குள் கான்வாஸைத் தொடுவது நின்றுபோயிற்று. ஏன் என்று கேட்டேன்.

“யார் முகத்தப் பார்த்தாலும் கண் இருக்கற குழிதான் தெரியுது. எப்படி வரையறது?”

அதை அவள் தியாகம் என்று சொல்லிக்கொண்டதில்லை. இழப்பு என்றுதான் சொன்னாள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள்.

உமர் ஃபாரூக் அவளிடம் வந்தது அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது வருடம். பெசன்ட் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவல் வேலை. தொற்று முற்றி, வலது கண்ணை எடுத்துவிட்டிருந்தார்கள். காலை வேளையில் ஜன்னலோரம் உட்காரவைத்து, இடது கண்ணைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். பொருத்திய பிறகு, எது செய்த கண் என்று டாக்டரே ஒரு நொடி தடுமாறினார்.

இரண்டே வாரத்தில் உமர் திரும்பி வந்தார்.

“கண்ணு நல்லாத்தான் கீது மேடம். வேல செய்யற எடத்துல யாருக்கும் தெரியல. எம் பொண்ணுதான் கிட்ட வரமாட்டேங்குது.”

மகள் ருகையாவுக்கு ஆறு வயது. நிறத்தில்தான் பிசகு என்று நினைத்து ஜெயஸ்ரீ இன்னொரு கண் செய்து கொடுத்தாள். அதற்கு மறு மாதமும் திரும்பி வந்தார். கண்ணைக் கழற்றி டப்பியில் வைத்திருந்தார். முகத்தில் கறுப்புக் கண்ணாடி.

“வுடுங்க மேடம். உங்க மேல தப்பு இல்ல.”

“உங்க பொண்ணு உங்கள எப்போ பார்க்கும்?”

“காலைல நான் போசொல்ல தூங்கினு இருக்கும். வெளக்கு வெச்சப்புறம்தான்.”

மறுநாள் மாலை மீர்சாகிப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை, மங்கலான பல்பு. அவரைக் கண்ணைப் பொருத்திக்கொள்ளச் சொல்லிப் பார்த்தாள். மங்கலில் உயிருள்ள கண்ணின் நடுக்கறுப்பு அகலமாக விரிந்திருந்தது. அவள் வரைந்ததோ காலை வெயிலில் பார்த்த அதே சின்னப் புள்ளியாக நின்றது. ஒரு கண் உமருடையது, மற்றது வேறு யாருடையதோ. ருகையா எதைப் பார்த்து ஒதுங்கினாள் என்று அவளுக்குப் புரிந்தது.

“இந்தக் கறுப்புப் புள்ளிய வெயிலுக்கும் இந்த வெளக்குக்கும் நடுவுல போடலாம். அப்போ ரெண்டு எடத்துலயும் கொஞ்சம் பிசகும். இல்லன்னா ஒரு வெளிச்சத்துக்கு மட்டும் சரியா போடலாம். வேலைக்கா, வீட்டுக்கா, நீங்கதான் சொல்லணும்.”

உமரின் மனைவி அன்வரி பேகம் குறுக்கிட்டாள். “கேட்டுல நிக்கிற ஆளு. நாலு பேரு பாப்பாங்க. நடுவுலயே போடுங்கம்மா.”

உமர் கறுப்புக் கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

“வெயில்ல கண்ணாடி போட்டுக்கலாம். வீட்ல கண்ணாடி போட்டுக்கினு குந்த முடியாது. வீட்டுக்கே போடுங்க மேடம்.”

நான்கு மாலைகள் அந்த பல்பின் கீழேயே உட்கார்ந்து வரைந்தாள். ருகையா முதல் நாள் கதவுக்குப் பின்னால் நின்றாள். மூன்றாம் நாள் தூரிகைகளைத் தொட்டுப் பார்த்தாள். கண் தயாராகிப் பொருத்திய அன்று அப்பாவின் எதிரில் வந்து நின்று, நெடுநேரம் பார்த்தாள்.

“அத்தா, இது தூங்குமா?”

“நான் மூடுனா இதுவும் மூடிக்கும்.”

“மூடு.”

அவர் மூடினார். அவள் விரலால் அந்த இமையைத் தடவிவிட்டு, அவர் மடியில் சாய்ந்துகொண்டு வீட்டுப்பாட நோட்டைத் திறந்தாள். அன்வரி பேகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்களைத் துடைத்தாள்.

கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர் வாசலில் நிற்பது குடியிருப்பில் சிலருக்குப் பிடிக்கவில்லை. உமரைக் கீழே கார் நிறுத்தும் இடத்துக்கு மாற்றினார்கள். அந்த வருத்தம் அவருக்கு இருந்தது. செய்த கண்ணுக்கு வருடம் ஒருமுறை போடும் மெருகுக்காக வந்தபோது ஜெயஸ்ரீ அதைப் பற்றிக் கேட்டதற்கு, “இருக்கட்டும் மேடம்” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு யார் வந்தாலும், உங்களை யார், எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தூரிகையை எடுக்கிறாள். போன மாதம் மயிலாப்பூரிலிருந்து வேதாந்தம் என்று ஒருவர் வந்தார். எழுபத்திரண்டு வயது. அவரிடமும் கேட்டாள்.

“ஆத்துல யாருமில்லம்மா. கார்த்தால சேவிக்கப் போறச்சே பெருமாள் பார்ப்பார். அவ்வளவுதான்.”

மறுநாள் விடிகாலையில் அவரோடு கோயிலுக்குப் போய், சன்னதி விளக்கு வெளிச்சத்தில் அவருடைய கண்ணைக் கவனித்துக் குறித்துக்கொண்டு வந்தாள்.